நடுக்களத்து நங்கை

கால்பந்தாட்டத்தைக் காண்போரின் கண்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களையே நாடும். ஒன்று, பந்தைக் கோலுக்குள் செலுத்த விரையும் முன்னணி ஆட்டக்காரரின் கால். மற்றொன்று, அதனைத் தடுக்கப் பாயும் கோல் காவலரின் கை. இவ்விரண்டிற்கும் இடையே 100 மீட்டருக்குக் குறையாத நீளமும் 64 மீட்டருக்குக் குறையாத அகலமும் கொண்ட பசும்புல் வெளி ஒன்று கிடக்கிறது. அங்கே ஓய்வின்றி ஓடிக்கொண்டிருக்கும் சிலரை நாம் எளிதில் நினைவில் வைப்பதில்லை. எதிரியின் காலிலிருந்து பந்தைப் பறிப்பவர் அவரே. பறித்த பந்தை எவரிடம், எப்பொழுது, எவ்வளவு விரைவில் சேர்ப்பது என்று கணப்பொழுதில் முடிவு செய்பவரும் அவரே. ஓர் ஆட்டம் முடிவதற்குள் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் அவர் ஓடிவிடுவதும் உண்டு. ஆயினும் மறுநாள் செய்தித்தாளில் அவர் பெயர் வருவது அரிது. விளைந்த கதிரை அறுத்துக் களத்தில் சேர்ப்பவரை ஊரார் பாராட்டுவர். நள்ளிரவில் எழுந்து சென்று மடை மாற்றிவிட்டவரை எவர் நினைக்கிறார்? நடுக்கள ஆட்டக்காரர் மடை மாற்றுபவரைப் போன்றவர்.

அத்தகைய இடத்தில் நின்று ஆடி, தம் நாட்டாரின் பார்வையைத் தம் அணியின்பால் திருப்பிய ஒரு நங்கையின் வரலாறு இது. அவர் பெயர் மரியா கான். பாகிஸ்தான் மகளிர் கால்பந்து அணிக்கு 2022ஆம் ஆண்டில் தலைவியானவர். அவர் அடித்த கோல்கள் மிகப் பல அல்ல. வென்ற கோப்பைகளை அடுக்கிக் காட்டவும் வழியில்லை. அவ்வாறிருக்க, அவரைப் பற்றி அறிய வேண்டுவது யாது எனின், அதற்கு விடை காணச் சற்றுத் தொலைவிலிருந்து தொடங்க வேண்டும்.

பாகிஸ்தானின் வடமேற்கே, கைபர் கணவாய்க்குச் செல்லும் வழியில் பெஷாவர் என்னும் பழைய நகரம் உள்ளது. அதன் அருகே நவாகிலே என்று ஓர் ஊர். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் படை அதிகாரிகள் பெஷாவரில் தமக்கென ஒரு மன்றம் அமைத்துக்கொண்டு, அங்கே ஸ்குவாஷ் என்னும் ஆட்டத்தை ஆடி வந்தனர். நான்கு சுவர்களுக்கு நடுவே, மட்டையால் ஒரு சிறு பந்தைச் சுவரில் மாறி மாறி அடிப்பது அவ்வாட்டம். அம்மன்றத்தில் பணியாளர் தலைவராக வேலை பார்த்தவர் அப்துல்லா கான். அவர் மகன் ஹாஷிம், சுவருக்கு வெளியே தெறித்து விழும் பந்துகளை எடுத்துத் தரும் சிறுவனாக அங்கே நின்றிருந்தான். பதினோராம் வயதில் தந்தையை ஒரு கார் விபத்தில் இழந்தான், பள்ளியையும் விட்டான். ஆடுகளத்தைப் பெருக்குவதும் பந்து பொறுக்குவதுமே வயிற்றுப்பாட்டிற்கு வழியாயின. அதிகாரிகள் வெயிலுக்கு அஞ்சி வீடு திரும்பிய நேரங்களில், மேற்கூரையில்லாத அவ்வாடுகளத்தின் சுடுதரையில் வெறுங்காலோடு தனியே நின்று, சுவரையே எதிரியாகக் கொண்டு அவன் ஆடிப் பழகினான்.

அச்சிறுவனே பின்னர் உலகம் போற்றிய ஹாஷிம் கான். 1944இல் பம்பாயில் நடந்த அகில இந்தியப் போட்டியில் வென்றார். நாடு பிரிந்தபின் பாகிஸ்தான் விமானப் படையின் ஆதரவைப் பெற்று, 1951இல் இங்கிலாந்து சென்றார். அப்பொழுது அவருக்கு வயது முப்பத்தேழு என்பர். பிறந்த நாளைக் குறித்து வைக்கும் வழக்கம் அவ்வூரில் இல்லை. மற்றவர்கள் மட்டையைச் சுவரில் மாட்டிவிட்டு ஓய்வெடுக்கும் வயது அது. அவ்வயதில், நான்கு முறை பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தைச் சூடியிருந்த எகிப்து நாட்டு வீரர் மஹ்மூத் கரீமை 9–5, 9–0, 9–0 என்னும் கணக்கில் அவர் வென்றார். அதன்பின் 1956 வரை அப்பட்டம் அவரை விட்டு அகலவில்லை. 1957இல் அதனைப் பறித்தவர் ரோஷன் கான். அவரும் நவாகிலே ஊரினரே. மறு ஆண்டு ஹாஷிம் அதனை மீட்டார். அடுத்த நான்கு ஆண்டுகள் தம்பி ஆசம் கானிடமும், 1963இல் உறவினர் மொஹிபுல்லா கானிடமும் அப்பட்டம் இருந்தது. ஆக, பதின்மூன்று ஆண்டுகள் உலகின் மிகப் பெரிய ஸ்குவாஷ் பட்டம் ஒரு சிற்றூரின் உறவுக்காரர்களுக்குள்ளேயே சுற்றி வந்தது! அரண்மனைகளில் பரம்பரையாகச் செல்வம் இறங்குவதை உலகம் கண்டதுண்டு. பந்து பொறுக்கும் வேலையிலிருந்து இத்தகைய பரம்பரை ஒன்று எழுந்ததை அதற்குமுன் கண்டதில்லை.

பிற்காலத்தில் ஹாஷிம் கான் அமெரிக்கா சென்று அவ்வாட்டத்தைக் கற்பித்தார். முதலில் டெட்ராய்ட் நகரிலும், பின்னர்க் கொலராடோ மாநிலத்து டென்வர் நகரிலும் வாழ்ந்து, 2014ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், நூறாண்டை எட்டிய நிலையில் காலமானார். அக்குடும்பத்தில் தோன்றியவரே மரியா.

ஆனால், அக்குடும்பத்தின் புகழ் பெரும்பாலும் ஆடவர் புகழ் என்பதை இங்கே மறந்துவிடலாகாது. மேலே சொன்ன பட்டங்களின் பட்டியலில் ஒரு பெண்ணின் பெயரும் இல்லை. அவ்வூர்ப் பெண்களின் கைகளில் வலிமை இல்லாமற் போயிற்றா? மட்டை அவர்கள் கைக்கு எட்டவில்லை, அவ்வளவே. மரியாவுக்கு அது எட்டியதற்குக் காரணம், அவர் வளர்ந்த நாடு. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1972இல் ஒரு கல்விச் சட்டம் நிறைவேறியது. அரசின் பொருளுதவி பெறும் எந்தக் கல்வி நிலையமும் ஆண் பெண் என்று வேற்றுமை காட்டலாகாது என்று அதன் ஒன்பதாம் பிரிவு விதித்தது. அச்சொற்றொடரில் விளையாட்டு என்னும் சொல்லே இல்லை. ஆயினும் அதன் பயன் விளையாட்டுத் திடலிலேதான் மிகுதியாக வெளிப்பட்டது. பையன்களுக்கு ஓர் அணி இருந்தால் பெண்களுக்கும் ஓர் அணி வேண்டும் என்னும் நிலை பள்ளிதோறும் கல்லூரிதோறும் பிறந்தது. இருபது ஆண்டுகளுக்குள் அந்நாட்டுப் பெண்கள் கால்பந்தில் உலகக் கோப்பையை வென்றனர். 1991இல் நடந்த மகளிர் உலகக் கோப்பைப் போட்டிகளுள் முதலாவது அது. அத்தகைய சூழலில் வளர்ந்த மரியா, குடும்பத்தாரின் மட்டையை விடுத்துக் கால்பந்தைத் தேர்ந்தார். கல்லூரிக் காலத்தைக் கடந்தபின் ஐக்கிய அரபு அமீரகத்தில் தங்கி அங்கும் ஆடிவந்தார்.

இனி, அவர் சேர வந்த அணியின் நிலையைப் பார்ப்போம்.

பாகிஸ்தான் கிரிக்கெட்டின் மீது தீராக் காதல் கொண்ட நாடு. கால்பந்து அங்கே ஏழைகளின் ஆட்டம். கராச்சியின் லியாரிப் பகுதியிலும், பலூசிஸ்தானத்தின் எல்லையூர்களிலும் அது செழித்திருக்கிறது. பஞ்சாபிலுள்ள சியால்கோட் நகரத்துத் தொழிலாளர் தைத்தும் ஒட்டியும் செய்த பந்துகள் உலகக் கோப்பைப் போட்டிகளில் உருண்டிருக்கின்றன. உலகுக்கெல்லாம் பந்து செய்து தரும் நாடு, உலகக் கோப்பையின் தகுதிச் சுற்றில் தன் முதல் வெற்றியைக் காண 2023ஆம் ஆண்டு அக்டோபர் வரை காத்திருந்தது. இஸ்லாமாபாத்தில் கம்போடியாவுக்கு எதிராக ஹாருன் ஹமீது என்னும் இளைஞர் அடித்த ஒரு கோலால் அது கிட்டியது. ஆடவர் அணியின் நிலையே இதுவெனில், மகளிர் அணியின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

பெண்களுக்கான தேசியப் போட்டி அந்நாட்டில் 2005இல்தான் தொடங்கிற்று. 2010இல் டாக்காவில் நடந்த தெற்காசிய விளையாட்டு விழாவில் மகளிர் அணி முதன்முதலாக வேற்று நாட்டு அணிகளோடு மோதியது. 2014இல் தெற்காசிய மகளிர் போட்டி இஸ்லாமாபாத்திலேயே நடைபெற்றது. வளரத் தொடங்கிய செடிக்கு இனி நீர் தடையின்றிப் பாயும் என்று எவரும் எண்ணியிருப்பர். அந்தோ! அதன்பின் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் அவ்வணி ஒரு பன்னாட்டு ஆட்டமும் ஆடவில்லை.

காரணம் பெண்களின் குறை அன்று. நாட்டின் கால்பந்துச் சங்கத்தை ஆள்வது யார் என்று பெரியவர்கள் தமக்குள் பிணங்கிக்கொண்டனர். வழக்குகள் நடந்தன. பன்னாட்டுக் கால்பந்துக் கழகமாகிய ஃபீஃபா, 2017இல் ஒரு முறை அச்சங்கத்தை விலக்கி வைத்தது. அடுத்த ஆண்டு விலக்கு நீங்கியது. 2021 மார்ச்சுத் திங்களில், கராச்சியில் மகளிர் தேசியப் போட்டி நடந்துகொண்டிருந்த நாள்களில், ஒரு குழுவினர் லாகூரிலுள்ள சங்கத் தலைமையகத்தைக் கைப்பற்றினர். போட்டி நடுவிலேயே நின்றது. பல நூறு கல் தொலைவிலிருந்து தோளில் பையோடு வந்திருந்த பெண்கள், யார் வென்றார், யார் தோற்றார் என்பதும் தெரியாமல் வீடு திரும்பினர். ஏப்ரலில் ஃபீஃபா மீண்டும் விலக்கியது. 2022 ஜூன் இறுதியில்தான் அவ்விலக்கு நீங்கிற்று.

ஒரு விளையாட்டு வீராங்கனையின் வாழ்வில் எட்டு ஆண்டுகள் என்பவை எத்தகையவை என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். எழுத்தாளர் எட்டு ஆண்டுகள் எழுதாதிருந்து பின்னர் எழுதலாம். உழவர் சில ஆண்டு தரிசாக விட்ட நிலத்தை மீண்டும் உழலாம். பதினெட்டு வயதில் ஓடிய காலை இருபத்தாறு வயதில் திரும்பக் கேட்டால் எவர் தருவார்? அக்காலத்தில் திருமணம் செய்து ஆட்டத்தை விட்டவர் உண்டு. வேலை தேடிச் சென்றவர் உண்டு. பலூசிஸ்தானத்தின் சிறந்த முன்னணி ஆட்டக்காரரான ஷாலைலா பலோச், நாட்டுக்காக மறுபடி ஆடும் நாள் வராமலே, 2016ஆம் ஆண்டு அக்டோபரில் கராச்சியில் ஒரு கார் விபத்தில் மாண்டார். அவருக்கு அப்பொழுது இருபது வயது. அலுவலக நாற்காலிக்காக நடந்த வழக்குகளின் கட்டுகளில் இத்தகைய இழப்புகளுக்கு ஒரு பக்கமும் ஒதுக்கப்பட்டிராது.

தடை நீங்கியவுடனே நேபாளத்தில் தெற்காசியப் போட்டி வந்துவிட்டது. இடையில் கிடைத்தவை இரண்டு திங்களும் சில நாள்களும். பாகிஸ்தானத்து ஊர்களிலிருந்தும், கடல் கடந்து வாழும் குடும்பங்களிலிருந்தும் பெண்கள் அழைக்கப்பட்டனர். ஒரே நாட்டின் சட்டையை அணிய வந்த அவர்களுள், திடலைக் காணவே வீட்டில் போராடியவரும் இருந்தனர். திடல்களுக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்தவரும் இருந்தனர். முன்னவருக்கு உருதுவும் பலூச்சியும் தாய்மொழி. பின்னவருள் சிலருக்கு ஆங்கிலமே எளிது. இவர்களை இணைத்து நடத்தும் தலைமை மரியாவிடம் வந்தது.

வெளிநாட்டில் வளர்ந்த ஒருவர் தலைவியாவது சரிதானா என்னும் கேள்வி இங்கே எழக்கூடும். அக்கேள்வியை இழிவானதென்று தள்ளிவிட முடியாது. உள்ளூரில் புழுதியிலும் கல்லிலும் விழுந்து ஆடிய பெண்ணுக்கு, பசும்புல் திடலில் பயிற்சி பெற்று வந்தவரைக் கண்டால் மனம் கசப்பது இயல்பே. ஆயினும் அணி என்பது பரிசு வழங்கும் மேடை அன்று. இழந்த எட்டு ஆண்டுகளை எவ்வாறேனும் ஈடு செய்ய வேண்டிய நிலையில், பெரிய ஆட்டங்களின் பழக்கம் உடைய ஒருவர் நடுவில் நின்றாலன்றி மற்றவர்கள் ஆடக் கற்பது எங்ஙனம்? நடுக்களத்தில் நிற்பவர் ஆட்டம் முழுதும் பேசிக்கொண்டே இருப்பவர். பின்னாலிருப்பவரை முன்னே வரச் சொல்லுவார். முன்னால் ஓடுபவரைத் திரும்பி வரச் சொல்லுவார். தலைமைக்கு அவ்விடம் மிகவும் ஏற்றது.

காத்மாண்டு நகரில் 2022 செப்டம்பர் 7ஆம் நாள் முதல் ஆட்டம் நடந்தது. எதிரி, இந்தியா. பாகிஸ்தான் 0–3 எனத் தோற்றது. மூன்று நாள் கழித்து வங்காள தேசத்திடம் 0–6 எனத் தோற்றது. அவ்வாண்டின் கோப்பையை இறுதியில் வென்றவர்கள் வங்காள தேசத்துப் பெண்களே. செப்டம்பர் 13ஆம் நாள் மாலத்தீவுடன் மூன்றாம் ஆட்டம். அதில் பாகிஸ்தான் 7–0 என வென்றது. ஏழு கோல்களுள் நான்கை நாதியா கான் என்னும் இளம் வீராங்கனை அடித்தார்.

எட்டு ஆண்டுகளுக்குப் பின் ஒரு வெற்றி! அதுவும் ஏழு கோல் வெற்றி. அன்று ஆட்டம் முடிந்தபின் செய்தியாளர் கூட்டத்தில் அவ்வணியின் பயிற்சியாளரை நோக்கி ஒரு நிருபர் கேட்ட கேள்வி யாது? ஆட்டத்தின் நுட்பத்தைப் பற்றியதா? அன்று. பெண்கள் ஏன் அரைக்கால் சட்டை அணிந்து ஆடினர், முழுக்காலையும் மூடும் உடை ஏன் அணியவில்லை என்பதே அக்கேள்வி. விளையாட்டில் முன்னேற்ற நோக்கு வேண்டும் என்றும், உடை விஷயத்தில் தாம் எவரையும் தடுக்க முயன்றதில்லை என்றும் பயிற்சியாளர் விடை கூறினார். அக்கேள்வி நாடெங்கும் பரவிற்று. நிருபரைக் கண்டித்துப் பேசினோர் பலர். அவர் பக்கம் நின்றோரும் இருந்தனர்.

இத்தகைய கேள்வி ஏதோ ஒரு நாட்டுக்கு அல்லது ஒரு சமயத்துக்கு மட்டும் உரியது என்று எண்ணிவிடலாகாது. கால்பந்தின் தாயகம் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் இங்கிலாந்தில், 1920ஆம் ஆண்டு கிறித்துமசுக்கு மறுநாள், லிவர்பூல் நகரத்துக் குடிசன் பார்க் திடலில் பெண்கள் ஆடிய ஓர் ஆட்டத்தைக் காண ஐம்பத்து மூவாயிரம் பேர் கூடினர். ஓராண்டு கழிவதற்குள், கால்பந்து பெண்களுக்கு ஏற்ற ஆட்டமன்று என்று கூறி, தன்னைச் சார்ந்த கழகங்களின் திடல்களில் அவர்கள் ஆடுவதை ஆங்கிலக் கால்பந்துச் சங்கம் தடுத்துவிட்டது. அத்தடை நீங்க ஐம்பது ஆண்டுகள் ஆயின. உடையைக் கேட்டவர் ஒருவர். உடலைக் கேட்டவர் மற்றொருவர். இருவரும் ஆட்டத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த ஆண்டு ஜனவரியில் சவூதி அரேபியா நான்கு நாடுகளின் மகளிர் போட்டி ஒன்றை நடத்தியது. அந்நாட்டுப் பெண்கள் பன்னாட்டு ஆட்டத்தில் இறங்கி அப்பொழுது ஓராண்டும் நிறையவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்வரை அங்குப் பெண்கள் கால்பந்துத் திடலின் பார்வையாளர் வரிசையில் உட்காரவும் உரிமை பெற்றிருக்கவில்லை. அந்நாடு இப்பொழுது பாகிஸ்தான், கொமோரோஸ், மொரீஷியஸ் ஆகிய நாட்டுப் பெண்களை வரவேற்றுத் திடலைத் திறந்துவிட்டது. காலத்தின் போக்கு எத்துணை விந்தையானது!

பாகிஸ்தான் முதலில் கொமோரோஸ் அணியை 1–0 என வென்று, பின்னர் மொரீஷியஸிடம் 1–2 எனத் தோற்றது. இறுதி ஆட்டம் ஜனவரி 19ஆம் நாள், அல் கோபார் நகரில், சவூதி அணியுடன். தம் ஊர் மக்களின் ஆரவாரத்துக்கு நடுவே சவூதிப் பெண்கள் முதலில் ஒரு கோல் போட்டுவிட்டனர். பாகிஸ்தான் பின்தங்கியிருந்தது. இரண்டாம் பாதியில், 65ஆம் நிமிடத்தை ஒட்டி, சவூதி கோலுக்கு எதிரே சற்றுத் தொலைவில் பாகிஸ்தானுக்குத் தடையில்லா உதை ஒன்று கிடைத்தது.

இவ்வுதையின் இயல்பைச் சிறிது விளக்குதல் நலம். எதிரணியினர் விதி மீறினால், விதி மீறிய இடத்தில் பந்தை அசையாமல் வைத்து உதைக்கும் உரிமை மற்ற அணிக்குக் கிடைக்கும். எதிரணியினர் 9.15 மீட்டர் தொலைவுக்கு அப்பால் நிற்க வேண்டும். அவர்களுள் நால்வர் ஐவர் தோளோடு தோள் சேர்ந்து நின்று மனிதச் சுவர் ஒன்றை எழுப்பிவிடுவர். சுவர் ஒரு பக்கத்தை மறைக்கும். மறுபக்கத்தைக் கோல் காவலர் காப்பார். பந்து சுவருக்கு மேலே எழ வேண்டும். எழுந்த பந்து கோல் கம்பத்தின் குறுக்குச் சட்டத்திற்குக் கீழே இறங்கவும் வேண்டும். நேராக வலுவுடன் உதைத்தால் அது மேலே பறந்தே போய்விடும். ஆகையால் பாதத்தின் உட்புறத்தால் பந்தின் ஓரத்தைத் தேய்த்து உதைப்பர். தேய்ப்பு பந்தைச் சுழலச் செய்யும். சுழலும் பந்தின் ஒரு புறத்தில் காற்று விரைந்தும் மறு புறத்தில் மெதுவாகவும் செல்வதால், அழுத்தம் வேறுபட்டுப் பந்து வளைந்து செல்லும். இது பௌதிகம், பாடப் புத்தகத்தில் படித்து அறியலாம். ஆனால், சுற்றிலும் மக்கள் கூவிக்கொண்டிருக்க, அணி தோற்றுக்கொண்டிருக்க, களைத்த காலால் அதைச் செய்துகாட்டுவது எத்தனை ஆண்டுப் பழக்கம்! சுடுதரையில் தனியே சுவரோடு ஆடிய சிறுவனின் பழக்கத்தைப் போன்றது அது.

மரியா பந்தை வைத்தார். பின்னே சில அடி நடந்தார். ஓடி வந்து உதைத்தார். பந்து சுவரைத் தாண்டி எழுந்து, வளைந்து இறங்கி, காவலரின் கைக்கு எட்டாத மேல்மூலையில் புகுந்தது. ஆட்டம் 1–1 எனச் சமனில் முடிந்தது. கோப்பை சவூதிக்குச் சென்றது. பாகிஸ்தான் இரண்டாம் இடம் பெற்றது.

அக்கோலின் காட்சி அன்றிரவே கைப்பேசிகளின் வழியாக நாடெங்கும் பறந்தது. மகளிர்க்கு ஒரு கால்பந்து அணி உண்டு என்பதையே அறியாதிருந்தவர் பலர் அதனை மீண்டும் மீண்டும் கண்டனர். நான்கு திங்களுக்கு முன் காலுடையைப் பற்றிப் பேசிய வாய்கள், இப்பொழுது காலைப் பற்றிப் பேசின. மடை மாற்றும் தொழில் மரியாவுடையது. அன்று ஒரு நாள் கதிரறுக்கும் வாய்ப்பும் அவருக்கு வந்தது.

கோல் ஒன்றால் குறைகள் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. 2023 ஏப்ரலில் தஜிகிஸ்தானில் நடந்த ஒலிம்பிக் தகுதி ஆட்டங்களில் பிலிப்பைன்ஸ் அணியிடம் நான்கு கோல்களில் தோல்வி, ஹாங்காங்கிடமும் தோல்வி, தஜிகிஸ்தானிடம் மட்டும் ஒரு கோல் வெற்றி. வீராங்கனைகளுக்கு ஆண்டு முழுதும் ஆடத்தக்க நிலையான லீக் போட்டி உள்நாட்டில் இல்லாதது பெருங்குறை. முகாம் கூடும்போது மட்டும் சேர்ந்து, முகாம் கலைந்ததும் பிரியும் அணி எவ்வளவு தூரம் செல்ல முடியும்? 2025 பிப்ரவரியில் ஃபீஃபா மூன்றாம் முறையாகவும் பாகிஸ்தான் சங்கத்தை விலக்கி வைத்தது. நல்லூழாக அவ்விலக்கு ஒரு திங்களுக்குள் நீங்கிவிட்டது.

இருப்பினும் ஒரு கணக்கு இங்கே குறிக்கத்தக்கது. 2022இல் வங்காள தேசத்திடம் ஆறு கோல்களால் தோற்ற அதே அணி, 2024 அக்டோபரில் அதே காத்மாண்டு நகரில் அதே எதிரியைச் சந்தித்தது. பாகிஸ்தான் முதலில் கோல் அடித்தது. தொண்ணூறு நிமிடங்கள் நிறைந்து, நடுவர் கூட்டித் தந்த நேரத்தில்தான் வங்காள தேசம் அதனை ஈடு செய்து 1–1 எனத் தப்பியது. அவ்வாண்டும் கோப்பையை வென்றது வங்காள தேசமே. தெற்காசியாவின் முதல்வர்களைத் தோல்வியின் வாயில் வரை தள்ளிச் சென்ற ஆட்டம் அது. எட்டு ஆண்டுகள் ஆடாதிருந்தால் எவ்வளவு கெடும் என்பதை முதல் ஆட்டம் காட்டிற்று; இரண்டு ஆண்டுகள் ஆடினால் எவ்வளவு சீர்படும் என்பதை இரண்டாம் ஆட்டம் காட்டிற்று.

2025 ஜூன் இறுதியில், ஆசியக் கோப்பைக்கான தகுதி ஆட்டங்களுக்காக அவ்வணி இந்தோனேசியாவுக்குச் சென்றது. மரியா கானும் அவ்வணியில் இருந்தார். முதல் ஆட்டத்தில் சீன தைபே அணி எட்டுக் கோல்களை அடித்தது. பாகிஸ்தான் ஒன்றும் அடிக்கவில்லை. அத்தகைய தோல்விக்குப் பின் மூன்றாம் நாளே, சொந்த மண்ணில் ஆடும் இந்தோனேசியாவை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. எட்டுக் கோல் வாங்கிய அணியின் உள்ளம் எந்நிலையில் இருக்கும் என்பதை, ஆடிப் பழகியவர் அறிவர். கால் ஓடும், மனம் ஓடாது. அவ்வேளையில் நடுக்களத்தில் நிற்பவர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தே மற்றப் பதின்மரின் ஆட்டமும் அமையும். பந்து கிடைத்தவுடன் அஞ்சி முன்னே உதைத்துத் தள்ளாமல், தரையோடு ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கி, மெல்ல மெல்லத் தம் அணியின் மூச்சைச் சீராக்க வேண்டும். அன்று பாகிஸ்தான் 2–0 என வென்றது. ஜூலை 5ஆம் நாள் கிர்கிஸ்தானையும் 2–1 என வென்றது.

குழுவில் முதலிடம் பெறும் அணிக்கே ஆசியக் கோப்பையில் இடம் உண்டு. அது சீன தைபேக்குக் கிடைத்தது. பாகிஸ்தான் இரண்டாவதாக நின்றது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஆடுவதற்கு அணியே இல்லாதிருந்த அப்பெண்கள், இந்தோனேசியாவையும் கிர்கிஸ்தானையும் தமக்குக் கீழே நிறுத்திவிட்டுத் தங்கள் பைகளைக் கட்டிக்கொண்டு புறப்பட்டனர்.